கேட்டிலிருந்து குழாய் வரை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கண்ணாடி வெட்டுவது தொழில். ஜன்னல், அலமாரிக் கதவு, படச்சட்டம், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வெட்டுவார். கடை என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலம்தான். சுவரோரம் பலகை பலகையாகக் கண்ணாடி சாய்ந்திருக்கும், நடுவில் கம்பளம் விரித்த மேசை. வெட்டிய விளிம்பை மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அத்தான் கட்டைவிரலால் பார்ப்பார். விரலை லேசாக ஓட்டிவிட்டு, "இங்க ஒரு இடத்துல பிசிறு நிக்குது" என்பார். நான் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி தேய்த்தபின் சரியாக இருக்கும், அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும்.

சில்லு கிடந்தால் யார் காலிலாவது ஏறும் என்ற பயம் அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. கடையை ஒரு நாளைக்கு ஐந்து தடவை பெருக்குவார். வீட்டுக்கு வந்தாலும் கண் தரையில்தான். "இந்த மனுஷன் என் மூஞ்சியப் பார்த்ததவிட இந்த வீட்டுத் தரையப் பார்த்ததுதான் ஜாஸ்தி" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை.

ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் ஒரு வாங்கு வாங்கிய பிறகு அவரை எங்கள் ஓட்டக் குழுவில் இழுத்துப்போட்டது நான்தான். நான் பார்சல் அலுவலகத்தில் முகவரி பார்த்துப் பிரிக்கும் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கிறுக்கலைப் படிப்பதால் எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். காலையில் ஓடினால்தான் மற்றவர்களுக்கு நான் ஆபத்தில்லாமல் இருப்பேன். அத்தான் அங்கேயும் தன் வேலையைத்தான் செய்தார். ஓடும்போது கல் கிடந்தால் காலால் ஓரம் தள்ளுவார், பாட்டில் சில்லு என்றால் நின்று பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைப்பார். குழுவில் அவருக்கு 'முனிசிபாலிட்டி' என்றே பெயராகிவிட்டது. "முனிசிபாலிட்டி முன்னாடி போகட்டும்பா, ரோடு சுத்தமாகும்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு முன்னால் போவார்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் கடைசியில் வருகிறாரோ, அவர் வந்து சேரும் வரை முடித்தவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் நின்று கை தட்டுவார்கள். நான் கடைசியாக வந்துகொண்டிருந்த மாதங்களில் அந்தக் கைதட்டலைக் கேட்டால் ஆளுக்கு ஒரு அறை விடலாம் என்று தோன்றும். பிறகு பழகிவிட்டது. நானும் தட்டினேன்.

குழுவின் கேப்டன் ஒரு பல் டாக்டர் அம்மா. வெறுமனே ஓடிவிட்டு வருவதில் என்ன இருக்கிறது, தனியாக இருக்கும் வயதானவர்கள் வீடுவரை ஓடுவோம், ஒரு வேலை செய்து கொடுப்போம், திரும்பி ஓடி வருவோம் என்றார். நல்ல யோசனைதான். பல்ப் மாற்றுவது, கட்டிலை நகர்த்துவது, தாழ்ந்த கிளையை வெட்டுவது, மேல் தட்டிலிருந்து பெட்டியை இறக்குவது என்று மூன்று மூன்று பேராகப் போனோம். யார் வீட்டில் என்ன வேலை என்ற பட்டியல் என் கையில் இருந்தது. முகவரி பார்த்துப் பிரிக்கிறவள்தானே.

அந்தப் பட்டியலில் பதினோராவது வீடு டெலிபோன் அம்மாவுடையது. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு முப்பத்துச் சொச்சம் வருடம் ஊரையெல்லாம் இணைத்துவிட்டவர். எழுபத்தெட்டு வயது, தனி வீடு. கணவர் போய்ப் பல காலம். ஒரே மகன் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு லாரி கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் வேலை. நாங்கள் கேட்டுக்குள் நுழையும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "மூணு பேரு. ஒருத்தருக்கு மூக்கடைப்பு. கசாயம் குடிங்க தம்பி." எப்போதும் ஒரே வேலைதான் கேட்பார், பல்ப் போய்விட்டது, மாற்றித் தாருங்கள். பேசும்போது நம் முகத்தை விட்டு ஒரு சாண் தள்ளி, காதுப் பக்கமாகப் பார்ப்பார். வயதானவர் பேச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அவர் வீட்டு முற்றம் மட்டும் எனக்குக் கண்ணை உறுத்தும். கேட்டிலிருந்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கக் குழாய் வரை ஒற்றைச் செங்கலாகப் பதித்திருக்கும், பாதை போலவும் இல்லாமல் குப்பை போலவும் இல்லாமல். மூலை திரும்பும் இடத்தில் கை போன நாற்காலி ஒன்று. அங்கிருந்து சுவரோடு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடும், அதில் ஒரு நாளும் துணி காய்ந்து நான் பார்த்ததில்லை. குழாயடியில் ஒரு வாளி கவிழ்ந்திருக்கும், சமையலறைப் படிக்கு முன்னால் ஒரு சாக்கு. நான் என் பட்டியலில் எழுதி வைத்தேன்: 'முற்றம் முழுக்கத் தட்டுமுட்டு. தடுக்கி விழும் ஆபத்து.' எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை மகன் வந்து அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தார். ஒரு நாள் தங்கி ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்க்க வேண்டும். கேப்டன் போனில் அவரிடம், வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணட்டுமா என்று கேட்டார். அவரும் சந்தோஷமாகச் சரி என்றார். அம்மா திரும்பி வரும்போது பார்த்து அசந்துபோக வேண்டும் என்று எங்களுக்கு ஆசை.

மறுநாள் பன்னிரண்டு பேர் ஓடிப்போனோம். இரண்டு அணி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நாற்பது நிமிடம். நேரம் பார்க்கும் கடிகாரம் என் கழுத்தில். ஓட்டக்காரர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்து நேரமும் வைத்துவிட்டால், வேலை என்ன என்பது மறந்துபோகும். செங்கற்களைப் பெயர்த்தோம், மண்ணைச் சமன் செய்தோம், நாற்காலியைத் தெருமுனைக் குப்பையில் போட்டோம். யாரோ பினாயில் ஊற்றிப் படிகளைத் தேய்த்தார்கள். கிறீச்சென்று அலறும் கேட்டுக்கு அத்தானே எண்ணெய் விட்டார். அது சத்தமே இல்லாமல் திறந்ததும் எல்லோரும் ஆஹா என்றோம்.

கயிறு அவர் பங்குக்கு வந்தது. அவிழ்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டைவிரலைக் கயிற்றின் மேல் ஓட்டிக்கொண்டே மூலையிலிருந்து குழாய் வரை நடந்தார், திரும்பி நடந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"இது சும்மா கட்டினது மாதிரி இல்ல. தொட்டுப் பாரு. வழவழன்னு இருக்கு. குழாய்க்கு நேரா ஒரு முடிச்சு, படிக்கு நேரா ரெண்டு முடிச்சு" என்றார்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

"அத்தான், இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. முன்பக்கத்து ஆளுங்க முடிக்கப்போறாங்க. அவுருங்க" என்றேன்.

அவிழ்த்தார். எங்கள் அணி ஜெயித்தது.

கார் வரும் சத்தம் கேட்டதும், கேட்டிலிருந்து உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாக, மூச்சுக்கூட விடாமல் நின்றோம். மகன் கேட்டைத் திறந்துவிட்டு அம்மாவை முன்னால் போகவிட்டார். அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். அடுத்த காலை நீட்டி, தரையில் எதையோ தேடுவது போல மெல்லத் துழாவினார். எதுவும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்துக் கேப்டன் கையைத் தூக்க, நாங்கள் பன்னிரண்டு பேரும் கை தட்டினோம். கடைசியாக வருகிறவருக்குத் தட்டுவது போலவே, நிறுத்தாமல், பலமாக.

அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பயந்த குழந்தை முகம் என்று சொல்வார்களே, அது இல்லை. எல்லாம் தெரிந்த ஒரு பெரிய மனுஷி, தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்ட முகம். பின்னால் கை நீட்டி மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வேற யாரோ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்ட. இது நம்ம வீடு இல்ல. வா, போயிடலாம்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கேப்டன் முன்னால் போய், "அம்மா, நாங்கதாம்மா. ஓட்டக்காரங்க. வீட்டச் சுத்தம் பண்ணி வச்சிருக்கோம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் டெலிபோன் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, எனக்கே அது தெரிந்தது. ஆனாலும் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "ஊசி போட்டாங்கல்ல, தலை ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார். மகன் வெளுத்துப்போய் எங்களைப் பார்த்தார். சொந்த வீடே அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்பதை எங்கள் எல்லோர் முன்னாலும் பார்த்துவிட்டார் அல்லவா. அன்று மாலையே தன்னோடு கூட்டிப்போய்விட்டார். ஒரு வாரத்தில், நினைவு தடுமாறுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டதாகச் சேதி வந்தது. அது எங்கள் ஊரிலேயே, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கேப்டன் வருத்தப்பட்டார். "நல்லவேளை, நேரத்துல தெரிஞ்சுது" என்று சிலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், வெட்கக்கேடு.

 பெயர்த்த செங்கற்களை வீணாக்குவானேன் என்று அத்தான் அன்றே கடைக்குக் கொண்டுபோய், கண்ணாடிப் பலகைகளுக்கு அடியில் அணையாக வைத்திருந்தார். முப்பத்தொரு செங்கல். நான் ஒரு மதியம் போனபோது மேசையை விட்டுவிட்டு அவற்றுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்துலயும் ஒரே பக்கம் தேஞ்சிருக்கு" என்றார். "நடுவுல இல்ல. ஓரத்துல. கால் கட்டைவிரலு தேடித் தேடித் தொட்ட இடம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல்ப் ஒன்றுதான் கேட்பார். சாயங்காலமானால் அந்த வீட்டில் விளக்கு எரியும். அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்று எரியவிட்டிருக்கிறார்.

"அத்தான், அப்ப அந்தம்மாவுக்குக் கண்ணு..."

"உனக்கு இப்பத் தெரியுது. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது. மனசுக்கு இல்ல, கைக்கு. கைக்குத் தெரிஞ்சுதான் அவுத்தேன்."

அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அவிழ்க்கச் சொன்னவள் நான்தான் என்பதை அவர் மறந்துவிட்டாரா, மறந்தது போல நடந்துகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிச்சல் இல்லை.

அதன்பிறகு மனுஷன் ஆளே மாறிப்போனார். இருபது வருடத்தில் கைதவறாதவர் ஒரே வாரத்தில் மூன்று பலகையை உடைத்தார். ஓட்டம் முடியும் இடத்துக்கு நூறடி முன்னாலேயே ஒதுங்கி வீட்டுக்குப் போய்விடுவார். கேட்டதற்கு, "கை தட்டுறாங்க" என்றார். ஒரு நாள் கடையின் தகரக் கூரையில் மழை சடசடவென்று விழ ஆரம்பித்ததும், மேசையருகே வாடிக்கையாளரை நிற்கவைத்துவிட்டு வெளியே இறங்கி நின்றுகொண்டார். தொப்பலாக நனைந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உள்ளே இருந்தால் யாரோ ஒரு அம்மாவைச் சுற்றி நின்று தட்டுவது போலக் கேட்கிறதாம். அக்கா என்னிடம் போன் செய்து அழுதாள்.

நான்தான் அவரை முதியோர் இல்லத்துக்கு இழுத்துப் போனேன். டெலிபோன் அம்மா படுக்கை ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "கண்ணாடிக்காரரா? செருப்புச் சத்தம் உங்களதுதான்" என்றார். அத்தான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், கயிறு, முடிச்சு, எல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நாலு வருஷமா நடுவுல ஒரே மூட்டம். ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரியும்" என்றார். "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டப் பூட்டிடுவான் என் மகன். பாசக்காரன், அதான் தொல்லை. மறதின்னு நினைச்சா நாலு நாள்ல சரியாயிடும்னு விடுவான்னு கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிப்போச்சு."

"அவர்கிட்ட நான் உண்மையச் சொல்லட்டுமாம்மா?" என்று அத்தான் கேட்டார்.

"சொல்லுங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. எனக்குப் புத்தி சரியா இருக்குன்னாவது அவனுக்குத் தெரியட்டும். என் வீட்டுல என்னால இருக்க முடியும், அதையும் சொல்லுங்க."

மகனிடம் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். முதலில் அழுதார், பிறகு கோபப்பட்டார், பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். "எல்லாத்தயும் பழையபடி வைங்க. ஒரு நாள் அம்மாவக் கூட்டிட்டு வர்றேன். கேட்லேர்ந்து குழாய்க்குப் போயி, ஒரு ஜக் தண்ணி பிடிச்சுக்கிட்டு, யார் கையும் பிடிக்காம சமையக்கட்டுக்கு வந்துட்டாங்கன்னா, அவங்க இங்கயே இருக்கட்டும். நான் தடுக்கல."

அத்தானுக்கு உயிர் வந்தது. கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டு அந்த முற்றத்திலேயே கிடந்தார். கயிற்றைக் கண்டுபிடித்துக் கட்டினார். நாற்காலி குப்பை வண்டியில் போய்விட்டதால் அதே உயரத்தில் வேறொன்றைத் தேடி, அதன் கையையும் உடைத்தார். கேட்டின் எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி கிறீச்சிட வைத்தார். செங்கற்களின் இடம்தான் பிடிபடவில்லை. மண்ணைத்தான் நாங்கள் சமன் செய்துவிட்டோமே. சுத்தம் செய்யும் முன் கேப்டன் எடுத்த படத்தில் கேட்டருகே நாலைந்து கல் ஒன்றையொன்று ஒட்டினாற்போலத் தெரிந்ததே தவிர இடைவெளி தெரியவில்லை. அத்தான் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து நடந்து, கால் விழுந்த இடமெல்லாம் ஒரு செங்கல் பதித்தார். பதினெட்டில் குழாய் வந்துவிட்டது. பதின்மூன்று மிச்சம்.

"இது எதுக்கு இருந்திருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"செடிக்கு அணை கொடுத்திருப்பாங்க" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. அவற்றைச் சுவரோரம் அடுக்கிவைத்தோம்.

மகன் சொன்ன நாளில் வந்தார். கேட் கிறீச்சிட்டதும் டெலிபோன் அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.  மகன் அவர் கையில் ஜக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அம்மா முதல் கல்லில் காலை வைத்தார். அடுத்த காலை முன்னால் வைத்தார், அங்கே மண்தான் இருந்தது. காலை இடதுபக்கம் துழாவினார், வலதுபக்கம் துழாவினார். பின்னால் இழுத்து, மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தார். மூன்று தடவை. அவர் கால் போய் நின்ற இடத்துக்கும் அடுத்த செங்கல்லுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. பதின்மூன்று மிச்சம் இருந்தது ஏன் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.  அத்தான் மண்டியிட்டுச் செங்கல்லைக் கையால் பெயர்க்கத் தொடங்கியபோது, அம்மா மகன் பக்கமாகத் திரும்பினார்.

"கால் மரத்துப்போச்சுப்பா. போகலாம்."

அவர் நினைத்திருந்தால் கல் தப்பாக இருக்கிறது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரில் ஏறும் முன் அத்தான் போய் எதிரே நின்றார்.

"ரொம்பத் தள்ளித் தள்ளி வச்சுட்டேன்மா."

"நீங்க ஓடுறவங்க. உங்க காலுக்கு வச்சிருக்கீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

அத்தான் கெஞ்சியதால் அம்மா மதிற்சுவரைத் தொட்டபடி தெருவில் ஒரு தடவை நடந்துகாட்டினார். அவர் பாதம் பட்ட இடமெல்லாம் அத்தான் சாக்கட்டியால் குறித்தார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்லைத் தள்ளி வைத்தது எங்கள் தப்பு என்று விளக்கினோம், கேட்டுக்கொண்டார். "சரி, அடுத்த மாசம் லீவு கிடைச்சா இன்னொரு தடவ பார்க்கலாம்" என்றார்.

அந்த மாதம் முழுக்க மழை. மழை விட்ட இடைவெளியில் எல்லாம் அத்தான் அங்கே இருந்தார். இந்தத் தடவை ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. சாக்கட்டிக் குறியை அட்டையில் வெட்டி அளவுகோலாக வைத்துக்கொண்டு பதித்தார். முப்பத்தொரு கல்லும் சரியாகக் குழாயடியில் போய் முடிந்தன. பிறகு அந்தச் சின்ன அடியிலேயே தினமும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். கடைசியில் ஜக்கில் தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் சமையலறைக்கு வந்தார். என்னையும் நடக்கவைத்தார். நானும் வந்துவிட்டேன். அன்று நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

சொல்வதற்காக இல்லத்துக்கு ஓடியே போனோம். டெலிபோன் அம்மா நடைகூடத்தின் மறுகோடியில் இருந்தார். எங்கள் சத்தம் கேட்டதும் எழுந்து, சுவரைத் தொடாமல், கைப்பிடிக் கம்பியைத் தொடாமல், உதடு மட்டும் அசைய, நேராக எங்களிடம் வந்து நின்றார். ஒரு பிசகு இல்லை.

"எல்லாம் தயாரா இருக்கும்மா" என்றார் அத்தான். "உங்க அடிக்கே வச்சுட்டேன். நீங்க வந்து நடந்தாப் போதும்."

அவர் பக்கத்து நாற்காலியைக் கையால் தேடாமலே உட்கார்ந்தார்.

"அங்கேர்ந்து வந்த அன்னிக்கு முடிவு பண்ணேன், தம்பி. இங்க எழுந்தா கால் அந்த வீட்டுக் கணக்குக்கே போகுது. ரெண்டு தடவ சுவத்துல மோதிட்டேன், நெத்தியப் பாருங்க. எங்க எக்ஸ்சேஞ்சுல நம்பர் எல்லாம் மாத்துவாங்க. பழசை மறந்தாத்தான் புதுசு நிக்கும். நான் அதுல கெட்டிக்காரி. உக்காந்து, ஒவ்வொண்ணா அழிச்சேன். இப்ப இந்த இடம் காலுக்கு வந்துடுச்சு. இந்த வயசுல ரெண்டு வீடு நிக்காது."

"மறுபடி கத்துக்கலாம்மா. நான் கூட இருக்கேன்."

"இல்லப்பா. இன்னொரு தடவ அழிக்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் இந்த அம்மா தன் வீட்டில் இருந்திருப்பார். எங்கள் அணி தோற்றிருக்கும், அவ்வளவுதான். அதைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர் அத்தானைக் கூப்பிட்டார். ஏதோ தெரிந்தவர் வீட்டைப் பற்றி விசாரிக்கும் குரலில் கேட்டார்.

"ஆமா, கேட்லேர்ந்து குழாய்க்கு எத்தனை அடி வச்சிருக்கீங்க?"

"முப்பத்தொண்ணும்மா."

"அவ்வளவு கிட்டவா இருந்துச்சு?" என்றார்.

மகன் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார். வந்தவர்கள் செங்கலையெல்லாம் எடுத்துவிட்டு வண்டி நிறுத்துகிறார்கள். அத்தான் ஓட வருவதில்லை, கடைக்குப் போகிறார், கண்ணாடி வெட்டுகிறார், எப்போதும் போல நன்றாகவே வெட்டுகிறார். அக்கா சொல்வதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, சின்னச் சின்ன அடியாக வைத்து உள்ளே நடக்கிறாராம். அவர்கள் வீடு சிறியது. பத்தொன்பதில் சமையலறைச் சுவர் வந்துவிடும். அங்கே நின்று, மீதிப் பன்னிரண்டையும் எண்ணி முடித்த பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்.